அழித்துச் செய்த அளவு: ஒடிசாவின் பித்தளை மாணமும் அதன் சொற்களும்

முன்னுரை

குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் பொருள்களைப் பற்றிய ஆய்வுகள் தமிழில் பெரும்பாலும் நகை, ஓலைச்சுவடி, செப்புத் திருமேனி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அடுக்களையிலும் நெற்களஞ்சியத்திலும் புழங்கிய உலோகக் கலங்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அரிதாகவே பெற்றுள்ளன. அத்தகைய கலம் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒடிசாவின் வீடுகளில் நெல்லும் அரிசியும் அளக்கப் பயன்பட்டு, பின்னர்ப் பெரும்பாலும் வழிபாட்டு நாள்களில் மட்டுமே வெளியே எடுக்கப்படும் பொருளாகிவிட்ட 'மாண' என்னும் அளவைக்கலமே அது. ஒடியாவில் ஈற்று அகரம் ஒலிக்கப்பெறும். தமிழ் மரபுக்கேற்ப இக்கட்டுரையில் அது 'மாணம்' என எழுதப்படுகிறது.

மாணம் மூங்கில், பிரம்பு, மரம், பித்தளை எனப் பல பொருள்களால் ஆனது. அவற்றுள் டோக்ரா வினைஞர்கள் பழைய பித்தளையை உருக்கி வார்த்த மாணங்களே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இக்கலங்களில் வழிவழியாக வருவன உலோகம், அளவு, பெயர் ஆகிய மூன்றுமாகும். வடிவம் இடையிடையே அழிந்து மீண்டும் பிறக்கிறது. இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாமல் இக்கலத்தைப் பற்றிய செய்திகளை மொழிபெயர்க்கும்போது மூன்றையுமே இழக்க நேர்கிறது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கலமும் வழிபாடும்

நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமையும் மார்க்கசிர மாதத்தின் வியாழக்கிழமைகளில் ஒடிய இல்லங்களில் இலக்குமி வழிபாடு நடைபெறுகிறது. இது 'மாணபசா குருபார' எனப்படும். மாணத்தை அமர்த்தும் வியாழக்கிழமை என்பது இத்தொடரின் பொருள். வாசல் முதல் பூசையிடம் வரை அரிசி மாவுக் கரைசலால் கோலமிட்டு, இலக்குமியின் காலடிகளை வரைந்து, புதிய நெல்லால் மாணத்தை நிரப்பி அமர்த்துவர். அங்கே நிறைந்த அளவைக்கலமே திருமகளின் இருக்கையாகவும் வடிவாகவும் கொள்ளப்படுகிறது.

அந்நாள்களில் படிக்கப்பெறும் இலக்குமி புராணம், பதினாறாம் நூற்றாண்டில் பலராமதாசர் இயற்றியது. தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த சிரியா என்னும் பெண்ணின் வழிபாட்டை ஏற்று, இலக்குமி அவள் வீட்டிற்குச் செல்கிறாள். அதனைக் குற்றமாகக் கருதிய பலபத்திரர் தம் தம்பியாகிய சகந்நாதரைக் கொண்டு அவளைக் கோயிலிலிருந்து வெளியேற்றுகிறார். அவள் நீங்கியபின் உடன்பிறந்தார் இருவரும் உணவின்றி அலைந்து, இறுதியில் அவளிடமே வந்து உண்கின்றனர். அளவைக்கலம் நிறைவதும் வெறுமையாவதும் யாருடைய அருளால் என்பதை இக்கதை உரைக்கிறது. ஊரின் விளிம்பில் வாழ்ந்த வினைஞர்கள் வார்த்த கலம் இக்கதை படிக்கப்படும் இடத்தில் நடுநாயகமாக அமர்வது எண்ணத்தக்கது.

அளவைக்கலத்தைத் தெய்வத்தோடு இணைக்கும் வழக்கம் தமிழருக்கும் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறைவன் பெயரால் 'ஆடவல்லான்' என்றே ஒரு மரக்கால் குறிக்கப்பெறுகிறது. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் மங்கல நிகழ்ச்சிகளில் வைக்கப்பெறும் 'நிறைநாழி'யும் இவ்வகையினதே.

2. வார்ப்பு முறை

டோக்ரா என்பது மெழுகு நீக்கி வார்க்கும் முறையின் ஒரு வகை. இம்முறையைச் சுவாமிமலைச் சிற்பிகளும் கையாள்கின்றனர். ஆனால் அவர்கள் வார்க்கும் திருமேனிகள் உள்ளீடு நிறைந்தவை. டோக்ராக் கலங்களும் உருவங்களும் உள்ளே மண் வைத்து வார்க்கப்படுபவை. 'கனம்', 'பொள்ளல்' என்னும் சொற்களால் தஞ்சைக் கல்வெட்டுகள் இவ்வேறுபாட்டைக் குறிக்கின்றன. டோக்ராவை விளக்கும் தமிழ்க் கட்டுரைகளில் 'பொள்ளல் வார்ப்பு' என்னும் ஆட்சியை மீட்டுக்கொள்ளலாம்.

மாணம் வார்க்க வேண்டுமெனில், கலத்தின் உட்புற அளவுக்கு முதலில் களிமண்ணால் உள்மண் பிடித்து உலர்த்துவர். பஸ்தரில் தேன்மெழுகும், வங்காளம், ஒடிசா பகுதிகளில் பெரும்பாலும் சால மரத்தின் பிசினைக் கடுகெண்ணெயில் காய்ச்சிய குழம்பும் மெழுகாகப் பயன்படும். இப்பிசினுக்குத் தமிழில் 'குங்கிலியம்' என்னும் நேர்ச்சொல் இருக்கிறது. பொதுப்பட 'பிசின்' என்று எழுத வேண்டியதில்லை. மெழுகை நூல்போல் இழுத்து, உள்மண்ணின்மேல் இழையிழையாகச் சுற்றுவர். டோக்ராக் கலங்களின் புறத்தே காணப்படும் வரிகள் இவ்விழைகளின் சுவடுகளாகும். வார்த்தபின் செதுக்கியவை அல்ல. அதன்மேல் நுண்மண்ணும் பருமண்ணும் மாறி மாறிப் பூசி, உலோகம் புகுவதற்கு வழி விடுவர்.

பல இடங்களில் வினைஞர்கள் உலோகத்தைத் தனியே உருக்கி ஊற்றுவதில்லை. பழைய பித்தளைத் துண்டுகளை ஒரு மண்கிண்ணத்தில் இட்டு, அதனை அச்சின் வாயோடு பொருத்தி, மண்ணால் மூடி, இரண்டையும் ஒருசேர உலையில் வைக்கின்றனர். மெழுகு உருகி நீங்குகிறது, பித்தளை உருகுகிறது. பின்னர் அச்சைத் தலைகீழாகத் திருப்ப, உலோகம் மெழுகு இருந்த இடத்தில் இறங்குகிறது. ஆறியபின் மண்ணை உடைத்துக் கலத்தை எடுக்கின்றனர். புற அச்சு உடைகிறது; உள்மண்ணும் சுரண்டி எடுக்கப்படுகிறது. ஒருமுறை வார்த்த அச்சில் மறுமுறை வார்க்க இயலாது.

இதில் அளவையியலுக்குரிய செய்தி ஒன்று உண்டு. கலம் எவ்வளவு கொள்ளும் என்பதை உள்மண்ணே முடிவு செய்கிறது. அந்த உள்மண்ணோ கலம் பிறக்கும்போதே அழிந்துபோகிறது. எனவே அளவு வினைஞரின் கையிலும் கண்ணிலும், வீட்டில் முன்பிருந்த கலத்தின் நினைவிலும் மட்டுமே தங்குகிறது. பழைய மாணத்தை உருக்குமுன் அதன் கொள்ளளவை நெல்லாலோ அரிசியாலோ ஒப்பிட்டுக்கொள்ளாவிடில், புதிய கலம் பெயரளவில் மட்டுமே மாணமாக இருக்கும்.

இவ்வினைஞர்களைக் குறிக்கும் பெயர்களும் பல. பஸ்தரில் கட்வா, ராய்கட் பகுதியில் ஜாரா, ஜார்க்கண்டில் மல்ஹார், ஒடிசாவில் சிதுலியா எனப் பகுதிதோறும் வேறுபடுகின்றன. 'கட்வா' என்பதை வடித்தல், ஆக்கல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புபடுத்துவர். 'டோக்ரா' என்பது வங்காள, ஒடிய வட்டாரங்களில் ஒரு குழுவினரைக் குறித்த பெயர். பின்னர் அதுவே கலைக்குப் பொதுப்பெயராயிற்று. கட்வாக்களின் வார்ப்பும் 2008-இல் 'பஸ்தர் டோக்ரா' என்றே புவிசார் குறியீடு பெற்றது. வங்காள டோக்ராவும் அதிலாபாத் டோக்ராவும் 2018-இல் பதிவு பெற்றன. ஒரு குழுவின் பெயர் ஏனைய குழுக்களின் பெயர்களை மூடிக்கொண்டமைக்கு இது தக்க சான்றாகும்.

3. பழம்பித்தளை கழிவா?

ரூத் ரீவ்ஸ் 1962-இலும், சிற்பி மீரா முகர்ஜி 1978-இல் இந்திய மானிடவியல் ஆய்வகம் வெளியிட்ட நூலிலும் இவ்வினைஞர்களின் தொழிலை விரிவாகப் பதிவு செய்தனர். டோக்ராவைப் பற்றி அண்மைக் காலத்தில் தமிழில் வரும் குறிப்புகளில் 'கழிவு உலோகத்தால் ஆன கலைப்பொருள்' என்னும் தொடர் இடம்பெறுவதுண்டு. இத்தொடர் ஆங்கில மூலத்தின் சொல்லைப் பின்பற்றுகிறது. தொழிலின் உண்மையைப் பின்பற்றவில்லை.

கழிவு என்பது பயன் தீர்ந்து எறியப்படுவது. இந்தியக் குடும்பங்களில் பித்தளை அவ்வாறு எறியப்பட்டதில்லை. ஓட்டை விழுந்த குடம், கைப்பிடி இழந்த செம்பு, நெளிந்த தாம்பாளம் ஆகியவை வடிவத்தை இழந்தாலும் மதிப்பை இழப்பதில்லை. டோக்ரா வினைஞர்கள் நிலையான குடியிருப்பின்றி ஊர் ஊராகச் சென்ற காலத்தில், வீட்டார் தம் பழங்கலங்களை எடுத்துக் கொடுப்பர். அவற்றை உருக்கி மாணமோ விளக்கோ வார்த்துத் தந்துவிட்டுக் கூலியாகத் தானியம் பெற்றுச் செல்வர். அம்முறையில் உலோகம் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. பாட்டியின் செம்பு பேத்தியின் மாணமாகிறது.

தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்த 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்னும் கூவல் பழைய உலோகத்தின் இன்னொரு வழியைக் காட்டுகிறது. அங்கே உலோகம் வீட்டை விட்டுப் போகிறது. ஈடாக வேறு பொருள் வருகிறது. முன்னது குடும்பத்துள் நிகழும் மறுபிறப்பு, பின்னது விற்பனை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். தமிழில் இரண்டையும் பிரித்துக் காட்டும் வழக்கு இருக்கும்போது அதனைக் கைவிடுவது பொருந்தாது.

அவ்வழக்கு பொற்கொல்லர் பட்டறையில் உள்ளது. பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை பெறுவதைத் தமிழர் 'அழித்துச் செய்தல்' என்பர். 'அம்மாவின் அட்டிகையை அழித்து வளையல் செய்தோம்' என்று கூறும்போது அட்டிகை இழக்கப்பட்டதாக எவரும் கொள்வதில்லை. அது வளையலாக இருந்துவருகிறது. அழிவையும் தொடர்ச்சியையும் ஒரே வினைத்தொடரில் அடக்கும் இவ்வழக்கு, மாணத்தின் பிறப்புக்கு மிகப் பொருந்துகிறது. 'அழித்துச் செய்த மாணம்' என்றால் தமிழ் வாசகர் விளக்கமின்றியே உணர்வர்.

உலோகத்தின் பெயரிலும் கவனம் தேவை. ஆங்கில நூல்கள் சில டோக்ராப் பொருள்களை வெண்கலம் எனப் பொதுவாகக் குறிக்கின்றன. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது; பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. பழைய வீட்டுக்கலங்களே மூலப்பொருள் ஆதலால் டோக்ராவில் பெரும்பாலும் இருப்பது பித்தளை. சில வேளைகளில் வெண்கலத் துண்டும் கலக்கும். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிப்பது. செம்பு 1,085 பாகையில் உருகுவது. எனவே ஒவ்வொரு முறை உருக்கும்போதும் துத்தநாகத்தின் ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. பலமுறை அழித்துச் செய்த கலம் செம்பின் நிறத்தை நோக்கிச் சிறிது நகர்கிறது. உலோகமும் மாறாமல் இருப்பதில்லை. ஆயினும் அது வேறொன்று ஆகிவிடுவதும் இல்லை.

4. ஒரு சொல், இரு அளவுகள்

'மாண' என்பது அளத்தல் என்னும் பொருளுடைய 'மா' என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்த 'மான' என்பதன் ஒடிய வடிவம். பரிமாணம், பிரமாணம், அனுமானம் எனத் தமிழில் வழங்கும் சொற்களும் அவ்வேரினவே. ஒடியாவில் இச்சொல் தானிய அளவைக்கலத்தை மட்டுமன்றி நில அளவையும் குறிக்கிறது. ஒடிய நில அளவையில் 16 விசுவா ஒரு குண்டம். 25 குண்டம் ஒரு மாணம். 20 மாணம் ஒரு பாட்டி (தமிழ்ச் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை). ஒரு மாண நிலம் ஏறத்தாழ ஓர் ஏக்கராகும்.

தமிழிலும் 20 மா ஒரு வேலி. 'மா' என்பது இருபதில் ஒரு பங்கு என்னும் பின்னத்தையும் நிலப்பரப்பையும் ஒருங்கே குறிக்கும். இருவழக்கிலும் இருபது என்னும் எண் அமைந்திருப்பது கொண்டு பிறப்புறவு கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் எண்ணும் நிலமும் ஒரு சொல்லில் குடியிருக்கும் பாங்கு தமிழருக்கு எளிதில் விளங்கும். மாணத்தில் நிலமும் நெல்லும் குடியிருக்கின்றன. விளையும் இடமும் விளைந்ததை அளக்கும் கலமும் ஒரே பெயர் பெறுகின்றன.

ஃபகீர் மோகன் சேனாபதியின் புகழ்பெற்ற புதினத்தின் தலைப்பு இதற்கு எடுத்துக்காட்டு. 1897 முதல் 1899 வரை தொடராக வந்து 1902-இல் நூலாகிய 'சா மாண ஆட்ட குண்ட' என்பதன் நேர்ப்பொருள் ஆறு மாணம் எட்டுக் குண்டம் என்பதாகும். பகியா, சரியா என்னும் நெசவாளத் தம்பதியரின் நிலத்தின் பரப்பு அது. இராமச்சந்திர மங்கராசு என்னும் நிலவுடைமையாளன் சூழ்ச்சியால் கவர்ந்துகொள்வதும் அதுவே. 2005-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, தலைப்பை 'ஆறு ஏக்கரும் மூன்றில் ஒரு பங்கும்' என்னும் பொருள்பட அமைத்தது. கணக்கில் அது சரியே. எட்டுக் குண்டம் என்பது 25-இல் 8. அதாவது மூன்றில் ஒன்றுக்குச் சற்றே குறைவு.

ஆனால் இதே கணக்கைக் கருநாடகத்திலோ மராட்டியத்திலோ இருந்துகொண்டு போட்டால் பிழையாகும். அங்கே ஏக்கருக்கு 40 குண்டங்கள். எட்டுக் குண்டம் ஐந்தில் ஒரு பங்கேயாகும். ஒரே ஒலியுடைய அளவுச்சொல் இடத்துக்கு இடம் வேறு அளவைக் குறிக்கும் என்பதை மொழிபெயர்ப்பாளர் எப்போதும் நினைவிற் கொள்ளவேண்டும். தமிழில் தலைப்பை 'ஆறு மாணம் எட்டுக் குண்டம்' என்று வைத்து, கணக்கை முன்னுரையில் தருவதே தக்கது. ஏக்கர் என்று மாற்றினால் பரப்புத் துல்லியமாகலாம். ஏழைக் குடும்பத்தின் நிலத்துக்கும் திருமகள் அமரும் கலத்துக்கும் ஒரே பெயர் என்னும் செய்தி மறைந்துவிடும். ஒடிய வாசகருக்கு அப்பெயர் வீட்டில் நாளும் கேட்ட பெயர்.

5. சட்டம் கொணர்ந்த மாற்றம்

மாணம் எவ்வாறு புழங்குபொருள் என்னும் நிலையிலிருந்து வழிவழிப் பொருள் என்னும் நிலைக்கு வந்தது என்பது நவீன இந்திய வரலாற்றைச் சார்ந்த செய்தி. 1956-இல் நிறுத்தல் அளவை, முகத்தல் அளவைகளுக்கான சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. 1962 ஏப்ரலுக்குப் பின் வாணிகத்தில் பழைய அளவைகளுக்கு இடமில்லாமற் போயிற்று. அச்சட்டத்தின் வழிவந்த சட்டங்களுள் அண்மையது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவையியல் சட்டம். அது 2011 ஏப்ரல் முதல் செயற்பட்டு வருகிறது.

இம்மாற்றம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஊருக்கு ஊர் வேறுபட்ட படியும் மாணமும் உழவரை ஏய்ப்பதற்கு வழியாக இருந்தன. குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் ஒரே பெயரால் வழங்கின. வாங்கும்போது ஒன்றும் விற்கும்போது ஒன்றுமாகக் கலம் மாறுவதும் உண்டு. முத்திரை பெற்ற லிட்டரும் கிலோகிராமும் எளியோருக்குத் துணையாயின.

ஆனால் அதன் விளைவாக மாணம் சந்தையிலிருந்து வீட்டுக்குள் பின்வாங்கியது. கூலி நெல் அளப்பதும் கடன் நெல் அளப்பதும் நின்றபின் அதற்குக் கிராமத்தில் தேவை குறைந்தது. அலுமினியக் கலங்களும் எவர்சில்வர் கலங்களும் பித்தளையின் இடத்தைப் பிடித்தன. டோக்ரா வினைஞர்கள் மாணத்தைக் குறைத்து, நகரத்தார் விரும்பும் யானை, குதிரை, இசைக்கருவி மீட்டும் உருவங்கள் ஆகியவற்றை வார்க்கத் தொடங்கினர். அவற்றுக்கு வேண்டும் பித்தளை கடையில் எடைக்கு வாங்கப்படுகிறது. வாங்குவோர் வீட்டு அடுக்களையிலிருந்து வருவதில்லை.

இம்மாற்றத்தால் இழந்தது யாது? அழித்துச் செய்யும் சுழற்சி நின்றுவிட்டது. முன்பு மாணம் தேய்ந்தால் அடுத்த மாணமாகியது. இப்போது வீட்டில் எஞ்சிய மாணம் மாற்ற இயலாத ஒன்றாகிவிட்டது. ஆகவேதான் அது போற்றிக் காக்கப்படுகிறது. அன்றாட வாழ்வில் அளந்துகொண்டிருந்தவரை அதனை எவரும் வழிவழிப் பொருள் என்று தனித்துச் சொல்லவில்லை. அளப்பதை நிறுத்தியபின்னரே அது அப்பெயருக்கு உரியதாயிற்று.

6. மொழிபெயர்ப்பில் செய்யத்தக்கன

அருங்காட்சியகப் பட்டியல்களையும் கைவினை நூல்களையும் தமிழாக்குவோர் மாணத்தைக் 'கிண்ணம்' என்று பெயர்த்தால் வடிவம் மட்டும் வரும். அளக்கும் தொழில் வராது. 'படி' அல்லது 'மரக்கால்' என்று பெயர்த்தால் தொழில் வரும். ஆனால் தமிழ் அளவைகளின் குறிப்பிட்ட கொள்ளளவு தவறாக ஏறிவிடும். 'நிறைநாழி' என்பது வழிபாட்டுச் சூழலை உணர்த்த வல்லது. விளக்கத்தில் ஒப்புமையாகக் கூறலாம், பெயராக இடலாகாது. முதல் ஆட்சியில் 'மாணம் என்னும் அளவைக்கலம்' என்று எழுதி, அதன்பின் 'மாணம்' என்றே ஆள்வது சாலும்.

வழிவழிப் பொருள் என்பதற்கு யாழ்ப்பாண வழக்கில் 'முதுசொம்' என்னும் அரிய சொல் உண்டு. தேசவழமைச் சட்டத்தில் அது மரபுவழி வந்த சொத்தைக் குறிக்கும். சீதனத்தினின்றும் தேடிய தேட்டத்தினின்றும் வேறானது. உரிமைபற்றிய அச்சட்டப்பொருள் ஏறியிருப்பதால், மாணம் போன்ற சிறு கலத்துக்கு அதனை ஆளுமுன் சூழல் நோக்க வேண்டும். 'வழிவழிக் கலம்' என்பது எளிது.

இவற்றோடு, மாணத்தைப் பற்றிய சொற்றொகுப்பு ஒன்று தேவைப்படுகிறது. உள்மண், மெழுகிழை, குங்கிலியம், மண்கிண்ணம் முதலிய தொழிற்சொற்களை ஒடியா, வங்காளம், ஹல்பி ஆகிய மொழிகளில் வினைஞர் வாய்மொழியாகவே திரட்டி, சுவாமிமலைச் சிற்பிகளின் தமிழ்ச் சொற்களோடு இணைத்து வைக்கலாம். தொழில் மாறுமுன் இப்பணி நிகழவேண்டும். வீட்டுக்கலம் வார்ப்பது குறையக் குறைய அதற்குரிய சொற்களும் வழக்கொழியும்.

முடிவுரை

ஒடிசாவின் பித்தளை மாணம் பழங்கலங்களை அழித்துச் செய்த ஒரு சிறு கலம். அதன் உலோகம் முன்னோர் கலங்களிலிருந்து வந்தது. அதன் அளவு உடைந்துபோன உள்மண்ணிலிருந்து வந்தது. அதன் பெயர் நிலத்தையும் நெல்லையும் ஒருங்கே குறிப்பது. சட்டம் அதன் அளவை நீக்கியது. சந்தை அதன் உலோகச் சுழற்சியை நிறுத்தியது. எஞ்சியிருப்பது பெயர் ஒன்றே. அப்பெயரையும் கிண்ணம் என்றும் ஏக்கர் என்றும் மாற்றிவிட்டால், மார்க்கசிர வியாழனன்று அக்கலம் ஏன் நெல்லால் நிரப்பப்படுகிறது என்பதற்கு நம் மொழியில் விடை இருக்காது.